அறுபதுக்கு மூன்று குறைவு

செப்டம்பர் 6, சனி. காலை 11.40. தோட்டாக்கள்: 500

வாங்கியாயிற்று. பாயிண்ட் டூ டூ ரைஃபிள், போல்ட் ஆக்‌ஷன், ஒவ்வொரு தோட்டாவுக்கும் கைப்பிடியைத் திறந்து சாத்துகிற ரகம், உள்நாட்டுத் தயாரிப்பு, கடையில் இருந்ததிலேயே மலிவானது. உரிமம் கைக்கு வரப் பதினான்கு மாதம் ஆனது. கடையில் வேலை முடிய இருபத்தைந்து நிமிடம். அதிலும் பதினைந்து நிமிடம் கடைக்காரர் எனக்கு வேறு துப்பாக்கியை விற்கப் பார்த்ததில் போனது. இது தோட்டத்து வீட்டில் மாட்டி வைக்கிறவர்கள் வாங்குகிற சாமான், போட்டிக்கு இதை யாரும் கொண்டுபோனதில்லை என்றார். இனிமேல் போவார்கள் என்றேன். என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பில் போட்டார்.

வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு முழுதாகக் கழற்றினேன். குழாய் பிரமாதம். வெளிச்சம் விட்டுப் பார்த்தால் உள்வரிகள் கண்ணாடி மாதிரி ஓடுகின்றன. மற்றதெல்லாம் குப்பை. குழாய் ஒரு பக்கம் மரக்கட்டையை உரசுகிறது, மறு பக்கம் என் விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைகிறது. திருகுகளை யாரோ வீட்டுச் சண்டையோடு வேலைக்கு வந்து முடுக்கியிருக்கிறார்கள். வார்னிஷ், கயிற்றுக் கட்டிலுக்கு அடிக்கிற ரகம். அதாவது நல்ல எஞ்சின், மோசமான பாடி. இதைவிடச் சந்தோஷமான சாமான் உலகத்தில் கிடையாது.

பின்னால் படிக்கும்போது எனக்கே மறந்திருக்கும் என்பதால் விவரம்: நான் நவநீதன், வயது இருபத்தெட்டு, கணபதியில் ஒரு பம்பு கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர். தினமும் எட்டு மணி நேரம் மைக்ரான் பார்ப்பவன். போன வருடம் எங்கள் ரைஃபிள் கிளப்பின் தேர்வுப் போட்டியில் நான்கு புள்ளியில் நான்காவது ஆனேன். மூன்று பேர்தான் மதுரையில் நடக்கும் மாநிலப் போட்டிக்குப் போகமுடியும். கிளப் ரைஃபிள்தான் காரணம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். "இந்தத் தண்ணிக் குழாய வெச்சுட்டு எவனும் அடிக்க முடியாது" என்பது என் வாக்கியம். இந்த வருடத் தேர்வு நவம்பர் 9. முதல் இரண்டு இடம் வெளிநாட்டு ரைஃபிள் வைத்திருக்கும் டாக்டர் சகோதரர்களுக்கு. அது எழுதி வைத்த மாதிரி. மூன்றாவது எனக்கு. இனிமேல் சொல்ல என்னிடம் காரணம் எதுவும் மிச்சமில்லை.

என் உரிமத்துக்கு வருடத்துக்கு ஐந்நூறு தோட்டா. ஐந்நூறையும் வாங்கிவிட்டேன். இது போதாவிட்டால் கிளப் சரக்கு இருக்கிறது.

செப்டம்பர் 7, ஞாயிறு. தோட்டாக்கள்: 460

முதல் சூடு. ஐம்பது மீட்டர், குப்புறப் படுத்து, ஐந்தைந்தாக எட்டு குரூப். ஐந்து ஓட்டைகளும் எவ்வளவு பரப்பில் சிதறுகின்றன என்பதுதான் குரூப். சராசரி 61 மி.மீ. பத்துப் புள்ளி வட்டமே பத்து மி.மீ. சொச்சம்தான். அதாவது இப்போதைக்கு நான் பலகையை அடிக்கிறேன், இலக்கை அல்ல. அற்புதம். மோசமாக ஆரம்பித்தால்தான் வரைபடம் அழகாக இறங்கும்.

ரேஞ்சைப் பார்த்துக்கொள்பவர் மாதையன், ஓய்வுபெற்ற சுபேதார். யார் எந்தத் துப்பாக்கியில் எத்தனை ரவுண்டு போட்டாலும் அவருடைய நீளப் பதிவேட்டில் ஏறிவிடும். என் ரைஃபிளை வாங்கிப் பார்த்துவிட்டு, நல்லா இருக்குது, மழைக்கு ஊனிக்கிட்டு நடக்கலாம் என்றார்.

பக்கத்து வரிசையில் மின்வாரிய மேடம். எட்டு மாதம் முன்பு சேர்ந்தவர். உதவிப் பொறியாளர். நான் தண்ணீர்க் குழாய் என்று சொன்ன அதே கிளப் ரைஃபிளில்தான் பழகுகிறார். ரேஞ்சுக்குள் போன் கூடாது என்பதால் அவருடைய போன் மாதையன் மேசையில் இருக்கும். அது அடித்துக்கொண்டே இருக்கும். மாதையன் எடுத்து, பட்டாளத்துக் குரலில், "கரண்டு வரும். வெயிட் பண்ணு" என்று வைத்துவிடுவார். மேடத்தின் பிரிவில் புகார் குறைந்துவிட்டதாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு. தோட்டாக்கள்: 410

வாரம் முழுக்க மாலைகளில் கட்டையின் வாய்க்காலை இழைத்தேன். உருளைக் குச்சியில் உப்புத்தாள் சுற்றி, கரி தடவி, எங்கே உரசுகிறதோ அங்கே மட்டும். இப்போது குழாய் கட்டையைத் தொடாமல் மிதக்கிறது. காகிதம் தடையில்லாமல் ஓடுகிறது, கேட்கவே சுகம். அம்மா அறைக்குள் வந்து, மெத்தை முழுக்க மரத்தூள், இதுக்குத் தச்சனாவே பொறந்திருக்கலாம் என்றார்.

குரூப் 52. கம்பெனியில் இந்த வேகத்தில் எதுவும் முன்னேறியதில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு. தோட்டாக்கள்: 340

புதுப் பின்குறி வந்துவிட்டது. சின்ன வட்டத் துளை வழியாகப் பார்ப்பது. இதற்கான அடித்தட்டை நானே வரைந்து, கம்பெனி டூல்ரூமில் உணவு இடைவேளையில் அரைத்துக்கொண்டேன். அதன் திருகை ஒரு கிளிக் திருப்பினால் இலக்கில் குறி எவ்வளவு நகர்கிறது என்று அளக்க எழுபது ரவுண்டு ஆனது. சிலர் இதை முப்பதில் முடிப்பார்கள். அவர்களுக்குப் புள்ளியியல் தெரியாது.

குரூப் 47.

மேடம் தொலைநோக்கியில் என் இலக்கைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நான் கேட்காமலே ஒன்று சொன்னார். "ஏனுங்க, ட்ரிகர இழுக்கறதுக்கு முன்னாடியே கண்ண மூடிக்கறீங்க." நான் மூடவில்லை. மூடினால் எனக்குத் தெரியாதா. மேலும் அவர் அறுநூறுக்குச் சராசரி ஐந்நூற்று முப்பது எடுப்பவர்.

செப்டம்பர் 28, ஞாயிறு. தோட்டாக்கள்: 280

எபாக்சி பெடிங் முடிந்தது. இரும்புப் பகுதியும் கட்டையும் சேரும் இடத்தில் எபாக்சிப் பசை ஊற்றி, துப்பாக்கி உட்காருவதற்கு அச்சு மாதிரி ஒரு படுக்கை. ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஷூ பாலிஷ் தடவ வேண்டும். தடவினேன். ஒரு மூலையில் விட்டுப்போனது. இரண்டு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்த பிறகுதான் பிரிந்து வந்தது. அம்மா அதைத் தோசைமாவுக்குப் பக்கத்தில் பார்த்துவிட்டு மாவுப் பாத்திரத்தை மட்டும் வெளியே எடுத்து வைத்தார். 

ஆனால் படுக்கை என்ன படுக்கை. திருகைத் தளர்த்தினாலும் அரை மைக்ரானுக்கு மேல் அசைவில்லை என்று பந்தயம் கட்டுவேன்.

குரூப் 41. ட்ரிகரை மட்டும் நான் தொடவில்லை. அது சட்டப்படி உரிமம் பெற்ற ஆர்மரர், அதாவது துப்பாக்கி மெக்கானிக், செய்ய வேண்டிய வேலை. புதன்கிழமை கொடுத்து சனிக்கிழமை வாங்கினேன். அந்த மூன்று நாளும் அறை காலியாக இருந்த மாதிரி இருந்தது.

அக்டோபர் 1, புதன். தோட்டாக்கள்: 280

ஆயுத பூஜை. குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா ரைஃபிளுக்குச் சந்தனம் வைத்து, போல்ட் கைப்பிடியில் செவ்வந்திச் சரம் சுற்றிவிட்டார். பின்குறியின் துளைக்குள் குங்குமம். ஊசி முனையால் நோண்டி எடுக்க ஐம்பது நிமிடம் ஆனது. ஏம்மா இப்படி என்றால், "பாவம் சாமி, அதுவும் நம்மூட்டு உருப்படிதான" என்கிறார்.

அக்டோபர் 5, ஞாயிறு. தோட்டாக்கள்: 200

இன்று திருகு இறுக்கச் சோதனை. நான்கு இறுக்க அளவு, ஒவ்வொன்றுக்கும் இருபது ரவுண்டு: பத்து மணல்மூட்டை மேல் வைத்து, பத்து தோளில். முடிவுகள் விசித்திரம். மணல்மூட்டை மேல் குரூப் 14 மி.மீ. பதினான்கு. டாக்டர் சகோதரர்களில் மூத்தவர் இலக்கு அட்டையைக் கையில் வாங்கி, இது எந்த நாட்டுத் துப்பாக்கி என்று கேட்டார். நம் நாடு என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. ஒப்புக்கொள்கிறேன்.

அதே ரைஃபிள், அதே இறுக்கம், தோளில் வைத்தால் 38. இறுக்கத்தை மாற்றினாலும் 38. ஆகவே கன்னம் வைக்கும் இடம் சரியில்லை. அடுத்த வாரம் கன்னப்பலகை.

கோகிலவாணி (மின்வாரிய மேடத்தின் பெயர்) இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். மணல்மூட்டை உங்களைவிட நல்லா சுடுதுங்க என்றார். சிரிக்காமல் சொன்னார். கணக்குப்படி அது சரிதான்.

அக்டோபர் 12, ஞாயிறு. தோட்டாக்கள்: 137

கன்னப்பலகை போட்டேன். உயரம் மாற்றலாம், சாய்வு மாற்றலாம், நீளம் மாற்றலாம். எல்லாவற்றையும் மாற்றினேன். அறுபது ரவுண்டு சோதனைக்கு, மூன்று கோபத்தில். குரூப் 38.

சுட்டு முடித்த பிறகு மாதையன் எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்தார். கிளப்புக்கு வரவேண்டிய தோட்டாச் சரக்கு துறைமுகத்தில் காகிதப் பிரச்சினையில் மாட்டிக்கொண்டதாம். டிசம்பருக்கு முன் வராது. தேர்வுப் போட்டிக்கு அவரவர் கையில் இருப்பதுதான். கிளப் ரைஃபிள்காரர்களுக்கு ஆளுக்கு எழுபத்துநான்கு ரவுண்டு பெயர் எழுதிப் பெட்டியில் சீல் வைத்துவிட்டார். கடன் கொடுப்பது, மாற்றிக்கொள்வது எதுவும் கிடையாது. பதிவேட்டில் கணக்கு உதைக்கும். போட்டிக்கு அறுபது ரவுண்டு. அதற்கு முன் குறி சரிபார்க்கச் சிலது. சுடாமல் விட்ட ரவுண்டுக்குப் பூஜ்யம்.

"எண்ணி வெச்சுக்க நவநீதா" என்றார் என்னிடம் மட்டும். எதற்கு என்னிடம் மட்டும் என்று தெரியவில்லை.

அக்டோபர் 13, திங்கள். தோட்டாக்கள்: 137

நான்கு கடைகளுக்குப் போன் செய்தேன். என் வருட ஒதுக்கீடு முடிந்துவிட்டது என்று நான்கு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். தெரிந்ததுதான்.

அக்டோபர் 18, சனி. தோட்டாக்கள்: 137

தோட்டா இல்லாமல் என்ன செய்வது என்று கோகிலவாணியிடம் கேட்டேன். அவர் ஆரம்பம் முதல் அப்படித்தான் பழகுகிறாராம். மாதச் சம்பளக்காரிக்கு வாராவாரம் எழுபது ரவுண்டு சுடக் கட்டுப்படியாகுமா என்றார். 

அவருடைய முறை: சுட்டு முடித்த வெற்றுத் தோட்டாக் கூடு ஒன்றை உள்ளே வைத்து (இல்லாவிட்டால் ஊசிமுனை கெட்டுவிடும்) போல்ட்டைச் சாத்த வேண்டும். குழாய் நுனியில் ஒரு ரூபாய் நாணயம். குறி பார்த்து ட்ரிகரை இழுக்கும்போது நாணயம் விழக்கூடாது.

முதல் முறை விழுந்தது. இரண்டாம் முறை விழுந்தது. இருபது முறை விழுந்தது. இருபத்தோராவது முறை நாணயம் உருண்டு மாதையன் நாற்காலிக்கு அடியில் போய்விட்டது. அவர் குனிந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு செய்தித்தாளைத் திருப்பினார்.

பிறகு கோகிலவாணி படுத்தார். அதே தண்ணீர்க் குழாய் ரைஃபிள். க்ளிக். நாணயம் அசையவில்லை. போல்ட், க்ளிக். அசையவில்லை. பதினொரு முறை. "நீங்க எப்ப சுடப்போறோம்னு நீங்களே முடிவு பண்றீங்க. அத விரல்கிட்ட உட்ருங்க" என்றார்.

உட்கார்ந்து யோசித்தேன். மணல்மூட்டைக்குப் பதினான்கு, எனக்கு முப்பத்தெட்டு. ஆறு வாரமாக இயந்திரத்தின் ஒவ்வொரு பாகத்தையும் அளந்திருக்கிறேன். ஒரு பாகத்தை மட்டும் அளக்கவில்லை. அந்தப் பாகத்தின் பெயரைத் தனியாக எழுத வேண்டியதில்லை.

எரிச்சலாக இருந்திருக்க வேண்டும். மாறாக, வண்டியில் வரும்போது விசிலடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். சிங்காநல்லூர் சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அக்டோபர் 20, திங்கள். தோட்டாக்கள்: 137

தீபாவளி. தெருவே வெடிக்கிறது. இருநூறு வெற்று இழுப்பு. வெளியே லட்சுமி வெடி, உள்ளே நாணயம். நூற்று எண்பத்தாறு முறை விழவில்லை. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, நாள் கிழமையில கூடப் படுத்துத்தான் கிடக்கோணுமா, எந்திரிச்சு எண்ணெய் வெச்சுக் குளி சாமி என்றார்.

அக்டோபர் 26, ஞாயிறு. தோட்டாக்கள்: 77

இன்று போட்டி மாதிரியே அறுபது ரவுண்டு.

574.

போன வருடம் 548. மூன்றாம் இடத்துக்குப் போனது 552. இன்று ஐந்நூற்று எழுபத்து நான்கு. அட்டையை என் கண்ணால் எண்ணி, தொலைநோக்கியில் எண்ணி, மாதையனை எண்ணச் சொல்லி, கோகிலாவை எண்ணச் சொன்னேன். நான்கு பேருக்கும் ஒரே தொகை. நம் ஊர்க் கட்டை, கட்டில் வார்னிஷ், எபாக்சி, ஷூ பாலிஷ். எழுந்து நின்று கத்தலாம் போல இருந்தது. ரேஞ்சில் கத்தக்கூடாது. கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கத்தினேன். வெளியே வந்தால் கோகிலா முகம் கழுவ நின்றுகொண்டிருந்தார். உடம்பு சரியில்லீங்களா என்றார்.

கையில் எழுபத்தேழு. போட்டிக்கு அறுபது, குறி சரிபார்க்கப் பதினேழு. இவ்வளவு பொருத்தமாகத் திட்டம் போட்டாலும் வராது. இனி நவம்பர் 9 வரை ஒரு ரவுண்டுகூடத் தொடமாட்டேன்.

நவம்பர் 2, ஞாயிறு. காலை 77, மதியம் 57

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை எட்டரை. கோகிலாவின் அட்டைகளைப் பார்த்தேன். ஓட்டைகள் மேலும் கீழுமாக ஒரே கோட்டில் இறங்குகின்றன. இடவலமாகச் சிதறலே இல்லை. அவர் தன் மூச்சு சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். மூச்சில் ஒன்றுமில்லை, நாணயம் அசையாத மனுஷி அவர். துப்பாக்கி. முன்திருகு உட்காரும் துளையில் மரம் நசுங்கிப்போய், ஒவ்வொரு சூட்டுக்கும் இரும்பு கட்டைக்குள் புதைகிறது. பத்து மாதமாக ஒரு நொண்டி நாற்காலியில் உட்கார்ந்து பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறார்.

சொன்னேன். சரிபண்ண முடியுமா என்றார். அரைநாள் வேலை என்றேன். மாதையனிடம் அனுமதி கேட்டோம். கட்டையையும் திருகையும் மட்டும் தொடு, என் கண் முன்னால் செய் என்றார்.

ஒன்பது மணிக்கு அவருடைய போன். ஒண்டிப்புதூர் பக்கம் ட்ரான்ஸ்பார்மர் புகைகிறதாம். இந்தமுறை மாதையனின் குரலுக்கும் அது அடங்கவில்லை. கோகிலா கிளம்பிவிட்டார்.

துளையைப் பெரிதாக்கி, பித்தளைக் குழல் ஒன்றை அடித்து, சுற்றிலும் வேகமாக இறுகும் எபாக்சி. மதியம் ஒன்றரைக்குக் காய்ந்தது. முடுக்கினேன். கை சொல்லிற்று, சரியாக இருக்கிறது என்று. கை சொல்வதை நான் கம்பெனியில் யாரிடமும் ஏற்பதில்லை. சுட்டுப் பார்க்க வேண்டும். கோகிலாவின் எழுபத்துநான்கு சீல் பெட்டியில். அவர் இல்லாமல் உடைக்கமுடியாது. ட்ரான்ஸ்பார்மர் புகைந்தால் இந்த வாரம் அவர் வரவும் முடியாது. ஆகவே என் பெட்டியைத் திறந்தேன்.

மாதையன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "உன் ரவுண்டு. எண்ணிக்கிட்டியா?"

எண்ணிக்கிட்டேன் என்றேன்.

முதல் ஐந்து, 24 மி.மீ. மேல்கீழ்க் கோடு போய்விட்டது. அடுத்த ஐந்து, 22. பிறகு அவருடைய கண் உயரத்துக்குப் பின்குறியை உத்தேசமாக நகர்த்தி, அது திரும்ப அதே இடத்தில் நிற்கிறதா என்று ஐந்து. பிறகு, நின்றது தற்செயலா என்று இன்னொரு ஐந்து. மொத்தம் இருபது. எல்லாம் தேவையான சோதனைதான். தரக் கட்டுப்பாடு என்றால் அப்படித்தான்.

மீதி ஐம்பத்தேழு. மூன்று ரவுண்டு பூஜ்யம். குறி சரிபார்க்கவும் எதுவும் இல்லை. ஆனால் ஒரு ரவுண்டுக்கு 9.55 சராசரி என்றால்கூட 544. கோகிலா பழைய துளையோடு 530தான் எடுப்பார். ஆகவே மூன்றாம் இடம் எனக்குப் பத்திரம்.

புதுத் துளையோடு எவ்வளவு எடுப்பார் என்று கணக்குப் போடவில்லை. தகவல் போதாது.

நவம்பர் 5, புதன். தோட்டாக்கள்: 57

கோகிலா வாட்ஸ்அப்பில் கேட்டார், சரியாயிடுச்சுங்களா என்று. ஆயிற்று என்று அனுப்பினேன். சுட்டுப் பாத்தீங்களா என்றார். பார்த்தேன் என்றேன். எதை வைத்து என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அநேகமாக.

நவம்பர் 8, சனி. தோட்டாக்கள்: 57

முந்நூறு வெற்று இழுப்பு. மதியத்துக்கு அம்மா பருப்புச் சாதம் போட்டார். "என்ன கண்ணு, மூஞ்சியே வேற மாதிரி இருக்குது, காச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். போட்டி என்றேன். போட்டிக்கு எதுக்குச் சிரிச்சுக்கிட்டே சாப்புடறே என்றார்.

நவம்பர் 9, ஞாயிறு. மாலை 5.20. தோட்டாக்கள்: 0

ஐம்பது நிமிடம், அறுபது ரவுண்டு. நான் நான்காம் வரிசை, கோகிலா ஐந்து. டாக்டர் சகோதரர்கள் முதல் இரண்டு வரிசைகளில். மற்றவர்கள் குறி சரிபார்க்கச் சுட்டுக்கொண்டிருந்தபோது நான் பெட்டியில் இருந்த ஐம்பத்தேழையும் வரிசையாக அடுக்கினேன். போன மாதம் 26ஆம் தேதி வைத்த குறி அப்படியே இருக்கும் என்று நம்பிக்கை. அந்த எபாக்சியின் மேல் நம்பிக்கை.

முதல் சூடு, எட்டு. வலப்பக்கம். பின்குறியை இரண்டு கிளிக் இடப்பக்கம் திருப்பினேன். பிறகு பத்து. பத்து. ஒன்பது. பத்து. அதற்குப் பிறகு எண்ணவில்லை. போல்ட்டைத் திறப்பது, கூடு வெளியே துள்ளுவது, புதியதை வைப்பது, சாத்துவது. கையே ஒரு நல்ல இயந்திரமாக ஓடிற்று. முப்பதாவது ரவுண்டு வாக்கில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து சுட்டேன். நான் காத்திருந்தேன் என்பதைக் குறித்து வைக்கிறேன்.

முப்பத்தெட்டாவது நிமிடம் ஐம்பத்தேழாவது. போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டுக் கையைத் தூக்கினேன். மாதையன் வந்து குனிந்தார். துப்பாக்கி சிக்கிக்கிச்சா என்றார். இல்லை, முடிந்தது என்றேன். மூணு பாக்கி இருக்குதே என்றார். இல்லை என்றேன். அவர் என் காலிப் பெட்டியைப் பார்த்தார். பிறகு ஐந்தாம் வரிசையைப் பார்த்தார். தன் மேசைக்குத் திரும்பிப் போனார்.

நேரம் முடியும்வரை எழக்கூடாது. பன்னிரண்டு நிமிடம் காலித் துப்பாக்கியோடு குப்புறப் படுத்துக் கிடந்தேன். என்னைப் போன்றவனுக்கு அது பெரிய தண்டனை. வேறு வேலையில்லாமல் பக்கத்து வரிசையின் சத்தத்தை எண்ணினேன். அவருடைய அட்டை எனக்குத் தெரியாது. இடைவெளி மட்டும் தெரியும். நாற்பத்திரண்டு விநாடி. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. நடுவில் ஒருமுறை எழுபது விநாடி ஆயிற்று. அந்த எழுபது விநாடியும் நான் மூச்சு விட்டதாக ஞாபகம் இல்லை. பிறகு டப். பிறகு திரும்பவும் நாற்பத்திரண்டு. கடைசி ரவுண்டு மணியடிக்க ஒன்பது விநாடி இருக்கும்போது போனது.

மாதையன் தன் மேசையில் உட்கார்ந்து கூட்டி, எழுந்து நின்று படித்தார். மூத்த டாக்டர் 581. இளைய டாக்டர் 577. மூன்று, கோகிலவாணி, 553. நான்கு, நவநீதன், 551, சுட்டது ஐம்பத்தேழு.

இரண்டு புள்ளி. கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தேன் என்று இளைய டாக்டர் பின்னால் சொன்னார். மூத்தவர் என் ரைஃபிளை மறுபடி கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, தன்னுடையதற்கும் இப்படி ஒரு படுக்கை போட்டுத் தரமுடியுமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உடனே ஒத்துக்கொள்ளாமல் இருப்பது எவ்வளவு ருசி.

வண்டிகள் நிற்கும் இடத்துக்குக் கோகிலா வந்தார். கையில் மாதையனின் பதிவேடு. அதை அவர் யாருக்கும் தொடக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

"நவம்பர் ரெண்டு. கிளப் ரைஃபிள். இருபது ரவுண்டு" என்று படித்தார். "யாருதுங்க இது?"

"என்னுது."

"எங்கிட்ட ஏன் சொல்லலீங்க?"

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

"ஆமா, சொல்லியிருப்பேன்."

"அதுக்குத்தான் கேக்கல."

பதிவேட்டை மூடினார். கோபமாகத்தான் இருந்தார். "மூணு ரவுண்டு இருந்திருந்தா நீங்க மதுரைக்குப் போயிருப்பீங்க."

இருபத்தொன்பது புள்ளி சேர்த்தால் 580, இரண்டாம் இடம், இளைய டாக்டர் மூன்று, நீங்கள் நான்கு என்று சொல்லிவிட்டேன். கணக்கு அதுதான். ஆனால் அதை அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடக்கமுடியாமல் சிரித்துவிட்டார். ஹெல்மெட்டை வண்டி மேல் வைத்துவிட்டுச் சிரித்தார்.

பிறகு கேட்டார். "எதுக்குங்க பண்ணுனீங்க?"

"சரிபார்க்காம ஒரு வேலைய முடிஞ்சுதுன்னு நான் குடுக்கறதில்ல. தரக் கட்டுப்பாடு."

"அதுக்குப் பத்து ரவுண்டு போதுமுங்க. நானும் இன்ஜினீயர்தான். மீதிப் பத்து எதுக்கு?"

  சாவியைத் தேடுகிற மாதிரி சட்டைப்பையைத் தடவினேன். சாவி வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"மதுரைக்கு நீங்களும் வரோணும்" என்றார். "அந்தத் துப்பாக்கி இனிமே உங்க பொறுப்பு. வியாழக்கெழம ஆறரைக்கு ரேஞ்சுக்கு வர்றேன். அதுக்குள்ள வேற ஒரு பதில் யோசிச்சு வையுங்க. இது செல்லாது."

உள்ளே போன் அடித்தது. மாதையன் எடுத்து, "மேடம் பிசி. நாளைக்குப் பேசு" என்று வைப்பது வாசல்வரை கேட்டது.

வீட்டுக்கு எந்த வழியாக வந்தேன் என்று தெரியவில்லை. எரிபொருள் முள்ளைப் பார்த்தால் நீள வழியாகத்தான் வந்திருக்கிறேன். போட்டியில் தோற்றவன் எழுதுகிற பக்கம் இது. கையெழுத்தைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

செய்யவேண்டியவை:

1. நாளை காலை கம்பெனியில் மதுரைக்கு நான்கு நாள் விடுப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். காரணம் என்ற இடத்தில் "உபகரணப் பராமரிப்பு".

2. கிளப் ரைஃபிளின் பின்கட்டை கோகிலாவின் தோளுக்கு இரண்டு சென்டிமீட்டர் அதிகம். மாதையனிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு குறைக்க வேண்டும்.

3. மூத்த டாக்டருக்குச் சம்மதம் சொல்ல வேண்டும். ஆனால் புதன்கிழமைக்கு முன் அல்ல.

4. போன வருடம் அந்த ரைஃபிளைத் தண்ணீர்க் குழாய் என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லோர் முன்னாலும்.

5. வியாழன், மாலை ஆறரை. மீதிப் பத்து ரவுண்டும் அவருக்காகத்தான் என்று சொல்ல வேண்டும். ஒரே வாக்கியம், எண் எதுவும் சேர்க்காமல்.

6. சொன்ன பிறகு, அவர் வாயைத் திறக்கும்வரை நான் திறக்கக்கூடாது. எத்தனை விநாடி ஆனாலும்.